நாமம் போட்ட ஆமைகள்

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். வைத்தவர் என் கணவர். தக்காளி வாங்கி வந்தால் வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பேன். ‘இதோ வந்துட்டே இருக்கேங்க’ என்று போனில் சொல்லும் எலக்ட்ரீஷியன், வந்துகொண்டிருக்கிறாரா, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பின்னால் கேட்கும் கண்ணாடி டம்ளர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். “உன்னைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே” என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். என் தொழிலுக்கு இந்தப் புத்திதான் சோறு போடுகிறது.

நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. தென்னூரில் வீடு. ஓர் இடத்தில் ஓர் உயிரினம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பிறக்கிறது, எவ்வளவு சாகிறது, மனிதர்கள் எவ்வளவு எடுத்தால் அது தாங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். தண்ணீருக்குள் இருக்கிற ஜீவனை எண்ண முடியுமா? வரிசையில் வந்து நிற்குமா? அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். கொஞ்சம் பிடித்து, குறி போட்டு, விட்டுவிடுவோம். சில வாரம் கழித்து மறுபடி பிடிப்போம். கிடைத்ததில் குறி போட்டவை எத்தனை, போடாதவை எத்தனை என்று பார்த்தால் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடலாம். குறி போட்டவை திரும்பத் திரும்பத் தென்பட்டால் நன்றாக வாழ்கின்றன என்று அர்த்தம். தென்படாவிட்டால் செத்துவிட்டன என்று அர்த்தம். அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளிடத்து ஆமைகளை எண்ணும் வேலை எனக்கு வந்தது. கறுப்பு ஓட்டு ஆமை, வெயில் வந்தால் பாறைமேலும் மட்டைமேலும் ஏறி உட்காருமே, அதுதான். மீனவர் வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஒரு பகுதியில் வலை போடுவதைத் தடுப்பதா, விடுவதா என்று மாவட்ட அளவில் ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. என் கணக்கு வந்ததும் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆமைகள் தாக்குப்பிடிக்கின்றன என்று நான் சொன்னால் வலை இருக்கும். சாகின்றன என்று சொன்னால் வலை போகும்.

வலை போனால் யாருடைய வயிற்றில் அடி விழும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். வடகரையில் இருந்த ஒரு பரிசல்காரரைத்தான் ஆற்றுக்குள் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தேன். அவர் பரிசல் ஓட்டுவார், வலை போடுவார். அவர் மனைவி மீனைக் கரையிலேயே விற்றுவிடுவார், மிச்சத்தை அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு டோல்கேட் பக்கம் போவார். ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் அந்த மடுக்களைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஒரே மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். “எங்களைப் பத்திதானே மேடம் எழுதப்போறீங்க? பாத்து எழுதுங்க” என்று அந்த அம்மாள் முதல் நாளே சொன்னார். பாத்து எழுதுங்க என்றால் என்ன அர்த்தம் என்று நான் ஸ்கூட்டரில் பாலம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

குறி போடுவதற்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த எனாமல் பெயிண்ட் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆற்றின் மேல்பகுதியில், தொட்டியம் பக்கம் பிடித்த ஆமைகளுக்கு ஓட்டின்மேல் இரண்டு மஞ்சள் கோடு. ஸ்ரீரங்கத்துப் பகுதி ஆமைகளுக்குச் சிவப்புக் கோடு. வெறும் சிவப்பு அந்தக் கறுப்பு ஓட்டில் எடுபடவில்லை. அதனால் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்தேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. பரிசல்காரர் மட்டும் ஒவ்வொன்றையும் தண்ணீரில் விடும்போது இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கணம் நிறுத்தி, மெதுவாக விட்டார். பெயிண்ட் காயட்டும் என்று நிறுத்துகிறார் என நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மறுபடி ஆமை பிடிக்கும் கூண்டு வைத்தோம். தொட்டியத்தில் மஞ்சள் கோட்டு ஆமைகள் வாழைத்தோப்பு ஓரத்து வாய்க்கால் வாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. ஸ்ரீரங்கத்துப் பகுதியில் ஆமைகள் கிடைத்தன. குறி போட்டவை கிடைக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. புதுசு புதுசாகக் கறுப்பு ஓடுகள் வந்து கூண்டில் விழுகின்றன. நான் போட்ட சிவப்பும் வெள்ளையும் எங்கே?

“காத்து ஜாஸ்திங்க மேடம். மேல ஏறாது” என்றார் பரிசல்காரர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, துடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

காற்றடித்தால் குறி போட்ட ஆமை மட்டும் ஏறாதா? எனக்குச் சுருக்கென்றது.

வலையில் மாட்டிச் செத்திருந்தால் குறி போட்டதும் சாகும், போடாததும் சாகும். வலைக்குக் கண் உண்டு, ஆனால் பெயிண்டைப் பார்க்கிற கண் கிடையாது. போடாதவை குறையவே இல்லை. அப்படியென்றால் யாரோ பார்த்துப் பார்த்து, பொறுக்கி எடுக்கிறார்கள். ஆற்றில் தினமும் இருக்கிறவர் யார்? என் எதிரில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் எடுக்க வேண்டும்? அதற்கும் என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. மூலத்துக்கு நல்லது என்று ஆமைக்கறி கேட்டு அலைகிறவர்கள் உண்டு. அல்லது, நான் குறி போட்டதை வைத்து வலையை நிறுத்திவிடுவேன் என்று பயந்து குறியை ஒழித்துக்கட்டுகிறார். அட மடையா, குறி காணாமல் போனால்தானே உன் தலையில் விழும் என்று மனதுக்குள் திட்டினேன். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உஷாராகிவிடுவாரே!

அப்புறம் நான் செய்ததெல்லாம் போலீஸ் வேலை. பரிசலுக்குள் விரித்திருந்த சாக்கைக் காலால் மெல்ல நகர்த்திப் பார்ப்பேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர்கள் வீட்டு வாசல்வரை போய், குழம்புக் கொதி வாசனையை இழுத்துப் பார்ப்பேன். மீன்தான். ஒரு நாள் சட்டியில் ஏதோ கெட்டியாக மிதந்தது. எட்டிப் பார்த்தேன். முருங்கைக்காய்.

“சாப்புடுறீங்களா மேடம்? பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே” என்றார் அந்த அம்மாள். முகத்தில் சிரிப்பில்லை.

“வேண்டாங்க்கா, சாப்ட்டுதான் வந்தேன்.”

“எங்க வீட்டுலயெல்லாம் சாப்புடுவீங்களா என்ன” என்று உள்ளே போய்விட்டார். அவருக்கும் என்மேல் சந்தேகம். நான் அளவெடுக்க வந்திருப்பது ஆமையையா, அவர்கள் அடுப்பையா என்று.

இப்படியே போனால் அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும்: ஸ்ரீரங்கத்துப் பகுதியில் ஆமைகள் பிழைப்பதில்லை. குழு உடனே வலையைத் தடுத்துவிடும். அது என் கையால் நடக்கும் என்பது நெஞ்சை உறுத்தியது. ஆனால் அவர் திருடினால் அதற்கு நான் என்ன செய்ய என்று அந்த உறுத்தலையும் அடக்கிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வடகரைக்குப் போனேன். பரிசல் கரையில் கவிழ்த்து வைத்திருந்தது. பரிசல்காரர் டிவிஎஸ் வண்டியில் கிளம்பிக்கொண்டிருந்தார். காலடியில் ஈரச்சாக்கு. சாக்கு அசைந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. மாட்டினாயா என்று ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் வந்தார். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நானும் வந்தேன். பூ மார்க்கெட்டுப் பக்கம் திரும்புவார், ஏதாவது கறிக்கடைக்காரனுக்குக் கைமாற்றுவார் என்று பார்த்தேன். அவர் நேரே உத்திரவீதியைச் சுற்றிக்கொண்டு, கொள்ளிடக்கரை ஓரமாக இருந்த ஒரு நந்தவனத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற தனியார் நந்தவனம். செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் போனேன். அரளிக்கும் துளசிக்கும் நடுவே படிக்கட்டு வைத்த சின்னக் குளம். நடுவில் ஒரு கல்மேடை. மேடை முழுக்க ஆமைகள். என் ஆமைகள்! சிவப்பும் வெள்ளையுமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அங்கே துளசி பறித்துக்கொண்டிருந்த வயதான ஸ்வாமி என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். “வாங்கோ, வாங்கோ. சேவிச்சுக்கோங்கோ. சாட்சாத் கூர்மாவதாரம். பெருமாளே ஆத்துலேர்ந்து திருமண் தரிச்சுண்டு வந்திருக்கான். இவர்தான் ஒவ்வொண்ணா எழுந்தருளப் பண்ணிண்டு வந்தார்.”

அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளை, நடுவில் சிவப்பு, வெள்ளை. நாமம்! ஸ்ரீரங்கத்தில் திரும்பின பக்கமெல்லாம், சுவரில், ஆட்டோ கண்ணாடியில், மனிதர் நெற்றியில் பார்க்கிற நாமத்தை ஆமை முதுகில் நானே போட்டிருக்கிறேன். எனக்கு அது குறியாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது. சில ஆமைகளில் கோடுகளின் அடியில் புதிதாக ஏதோ தீட்டியிருந்தது.

“அது என்ன ஸ்வாமி?”

“பாதம் இல்லாம விட்டிருந்தது. வடகலையோ தென்கலையோன்னு சந்தேகம் வரப்படாதோன்னோ? அடியேன்தான் பாதம் சேர்த்தேன்” என்றார், பெருமையாக.

பரிசல்காரர் சாக்கை அவிழ்த்து ஆமையைப் படியில் விட்டார். மறைக்க அவசரப்படவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, “கும்புட்டுக்குங்க மேடம். நீங்க போட்ட நாமந்தானே” என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “ஏங்கண்ணே, இதையா இத்தனை நாளா செஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“முதல்ல ஒண்ணு வலையிலயே செத்துப்போச்சுங்க. நாமத்தோட. மறைக்க மாட்டேன். அன்னிக்கு எம் பொண்டாட்டி அடுப்பே பத்தவெக்கல. நாமம் போட்ட ஜீவனைக் கொன்னுட்டு சோறு எறங்குமா? அப்புறம் ஊர்ல பேசிக்கிட்டோம். எவன் வலையில ஏறினாலும் எங்கிட்ட குடுத்துரணும், நான் பெருமாள்கிட்ட சேர்த்துருவேன்னு. நீங்கதானே மேடம் ஆமையைக் காப்பாத்தணும்னு சொன்னீங்க?”

“அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

அவர் காலிச் சாக்கை உதறி மடித்தார். பிறகு சொன்னார்: “எப்புடிங்க சொல்றது? நீங்க வந்தா சாக்கைத்தான் பாக்குறீங்க. சட்டியைத்தான் பாக்குறீங்க. சொன்னா நம்புவீங்கன்னு தோணலை.”

போனில் ஆமைகளைச் சில படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். “ஆக மொத்தம் அரசாங்கத்துக்கே நாமம் போட்டுட்டே” என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கணக்கில் செத்ததும் ஒன்றுதான், இடம்விட்டுப் போனதும் ஒன்றுதான். இரண்டுமே திரும்பி வராது. அந்த மனுஷன் காப்பாற்றிய ஒவ்வோர் ஆமையும் அவர் வலை கொன்றதாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தன் வயிற்றில் தானே, பயபக்தியோடு, மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உண்மையை எழுதினால் அது சரியாகிவிடும். ஆனால் அனுமதியில்லாமல் காட்டு ஆமையைத் தொட்டாலே வழக்கு. யோசித்து யோசித்து, ஆளைச் சொல்லாமல், உள்ளூர் மக்கள் என் குறியை நாமமென்று எண்ணிக் குளத்தில் சேர்த்திருக்கிறார்கள், ஆமைகள் உயிரோடு இருக்கின்றன, முடிவெடுக்கும் முன் வந்து பாருங்கள் என்று குழுவுக்கு எழுதினேன். குழுவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார். அதைச் சொல்ல வடகரைக்குப் போனேன்.

“ஆபீசர் வந்து குளத்தைப் பாக்கப்போறார். எல்லாம் உசுரோட இருக்குன்னு தெரிஞ்சா வலைமேல பழி வராது” என்று பரிசல்காரரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காதே! “ஆனா ஒண்ணு, ஆமையைத் தூக்கிட்டுப் போய் அங்க விட்டது சட்டப்படி தப்பு. அது ஆத்துல இருக்கவேண்டிய ஜீவன். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையையும் நான் கவனித்தேன். கவனித்து என்ன புண்ணியம்? என்னவோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, பயந்துபோயிருக்கிறார்கள் என்று தோன்றவில்லை.

அதிகாரி வந்த அன்று நான்தான் முன்னால் நடந்து குளத்தைக் காட்டினேன். கல்மேடை காலியாக இருந்தது. தண்ணீரில் ஓர் அசைவு இல்லை. ஸ்வாமி துளசி பறித்துக்கொண்டிருந்தார்.

“இங்க இருந்த ஆமையெல்லாம் எங்க ஸ்வாமி?”

“ஆமையா? மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். பெருமாள் திருவுள்ளம்” என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார். “உங்க அறிக்கையில மூணு கோடுன்னு எழுதியிருக்கீங்க. இதுல அடியில பாதம் வெச்சு நாமமே போட்டிருக்கே? இது உங்க குறியே இல்லையே மேடம்.” பாதம் இல்லாதவையும் படத்தில் இருந்தன, ஆனால் தண்ணீரில் பாதி மறைந்திருந்தன. நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது கட்டுக்கதை மாதிரி ஒலித்தது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில், “தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பரிசல்காரங்க உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?” என்றார். கேட்டுவிட்டு என் கைப்பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நானே அதைப் போட்டுக்கொண்டு பரிசலில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே வடகரைக்குப் போனேன். அந்த அம்மாள் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். பரிசல்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“எங்கக்கா ஆமையெல்லாம்?”

“ஆத்துல விட்டாச்சுங்க” என்றார், நான் பாராட்டப்போகிறேன் என்று எதிர்பார்க்கிற குரலில். “ஆத்துல இருக்கவேண்டிய ஜீவன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆனா நாமத்தோட எப்புடிங்க விடுறது, திரும்ப வலையில ஏறுமே? அதான் ஸ்வாமிகிட்ட உத்தரவு வாங்கி, மண்ணெண்ணெய் தொட்டுத் தேங்காநார் வெச்சுத் தேச்சு எடுத்தோம். ஊரே உக்காந்து தேச்சோம். அப்புறம் மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டு மடுவுல விட்டோம். ஒரு பொட்டு பெயிண்டு இல்ல. இனிமே எவன் வந்தாலும் கேஸ் போட முடியாது.”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லா ஆமையும் ஆற்றில் இருக்கிறது. அது அதுதான் என்று இனிமேல் சொல்ல உலகத்தில் ஒருத்தராலும் முடியாது. நடந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் கை வலைமேலேயே நின்றுவிட்டது. பரிசல்காரர் எழுந்து ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழு என் அறிக்கையின் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. விளக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வேறொருவரை வைத்து மறுபடி எண்ணும்வரை அந்தப் பகுதியில் வலை கூடாது என்று உத்தரவு வந்தது. மகளின் படிப்பு நிற்கக் கூடாது என்று பரிசல்காரர் தொட்டியத்தில் வாழைத்தார் லாரிக்கு ஏற்றும் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அதற்கப்புறம் ஒரு நாள் போயிருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மடுவின் நடுவே மிதந்த மட்டையில் கறுப்பாக ஓர் ஆமை ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார்.

“அது நம்ம நாமக்காரன்தான் மேடம். தலையைத் தூக்குறதப் பாத்தாலே தெரியும். எல்லாம் இங்கனதான் இருக்கு. சத்தியமா. நீங்களாவது நம்புறீங்களா?”

ஓட்டில் ஒரு கோடும் இல்லை. எந்த ஆமையாகவும் இருக்கலாம்.

“நம்பறேங்க்கா” என்றேன். மனசாரச் சொன்னேன்.

அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். “இனிமே நம்பி என்னங்க மேடம்” என்றார், “வலையத்தான் மடிச்சு வெச்சாச்சே.”